பதினாறு டெஸ்ட் எழுதிய சீட்டை எப்படிப் படிப்பது

காய்ச்சல் மூன்றாம் நாள். காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் தருமபுரி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து, வேறு நோய் கிடையாது. நாடி, பி.பி. பார்த்து முடித்ததும் சீட்டு கைக்கு வருகிறது: சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., வைடால் (டைபாய்டுக்கு), டெங்கு மூன்று வகை, மலேரியா ஸ்மியர், எல்.எஃப்.டி. (கல்லீரல்), ஆர்.எஃப்.டி. (சிறுநீரகம்), எலக்ட்ரோலைட்ஸ் (ரத்த உப்புகள்), யூரின், ஹெச்.பி.ஏ.1சி., தைராய்டு, வைட்டமின் டி, பி12, மார்பு எக்ஸ்ரே, வயிறு ஸ்கேன். மொத்தம் பதினாறு வரி.

இந்த இடத்தில் ஆட்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒருவர் கேள்வி கேட்காமல் பதினாறையும் எடுத்துவிட்டு, வெளியே வந்து டீக்கடையில் திட்டுவார். இன்னொருவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்கிப் போவார். இரண்டுமே நஷ்டம். சீட்டில் எழுத்து ஒருவருடையதாக இருக்கலாம். அதற்குள் ஆறு பேருடைய கை இருக்கிறது. எந்த வரி யாருடைய கை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எதை எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதைக் கேட்பது என்பது தானாக விளங்கும்.

யார் யார் கை

முதல் கை நோயைத் தேடுகிற கை. அதில் சண்டை இல்லை.

இரண்டாவது, பயம். 1995-ல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதிலிருந்து ‘பார்த்தேன், வயிறு மெத்தென்று இருந்தது’ என்பதைவிட ‘ஸ்கேன் எடுத்தேன், ரிப்போர்ட் இதோ’ என்பதே கோர்ட்டில் நிற்கும் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். தகராறு வந்தால் ஆஸ்பத்திரியின் வக்கீல் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டைத்தான். எழுதி நோயாளி எடுக்காமல் போனால் பொறுப்பு நோயாளிக்கு. எழுதாமலே விட்டால் டாக்டருக்கு. அதனால் சந்தேகம் நூற்றில் ஒன்றாக இருந்தாலும் ஒரு வரி கூடும்.

மூன்றாவது, ஆஸ்பத்திரியின் கணக்கு. சொந்த கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு உங்கள் பீஸ்தான் வருமானம். ஆஸ்பத்திரியோடு சேர்ந்து வேலை செய்பவருக்கு ஒப்பந்தம் பல மாதிரி இருக்கும். சிலருக்கு மாதச் சம்பளம். சிலருக்குப் பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு. சிலருக்கு முதல் ஓரிரு வருடம் ‘மினிமம் கியாரண்டி’, அதாவது இவ்வளவு ரூபாய் உறுதி. அதற்குப் பிறகு அவர் மூலம் ஆஸ்பத்திரிக்கு வந்த வருமானத்தைப் பார்த்துப் பேச்சு. டெஸ்டுக்கு நேரடியாகக் காசு வாங்காத டாக்டர் மேலும் இந்த அழுத்தம் இருக்கும், ஏனென்றால் சி.டி. ஸ்கேன் மெஷினுக்கு வங்கித் தவணை மாதாமாதம் போகிறது. ஒரு நாளைக்கு நாலு ஸ்கேன் வந்தாலும் நாற்பது வந்தாலும் தவணை ஒன்றுதான். மாதக் கூட்டத்தில் எந்த டிபார்ட்மென்டில் எவ்வளவு என்று கணக்கு படிக்கப்படும் இடங்களில் யாரும் யாரையும் வெளிப்படையாகக் கட்டாயப்படுத்தத் தேவையே இல்லை.

லேபிலிருந்து டாக்டருக்குப் போகும் ‘கட்’ வேறு சங்கதி. 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் அதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் தவறு. தடை இருப்பதால் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் நீளமான சீட்டைக் கண்டவுடன் ‘கமிஷன்’ என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் பாதிக் காரணத்தைத்தான் பிடிக்கும்.

நாலாவது, கம்ப்யூட்டர். ‘ஃபீவர் ப்ரொஃபைல்’ என்று ஒரு பட்டன் அழுத்தினால் எட்டு பத்து டெஸ்ட் மொத்தமாகச் சீட்டில் விழும். ராத்திரி இருக்கிற டியூட்டி டாக்டர் பெரும்பாலும் புதியவர். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ‘அது ஏன் எடுக்கல?’ என்று கேட்டுவிடுவாரோ என்று எல்லாவற்றையும் போட்டுவிடுவார். இது பணத்தாசையே இல்லை, சொல்லப்போனால் பரீட்சை பயம்.

ஐந்தாவது, காப்பீடு. அட்மிஷனுக்கு முன் அனுமதி வாங்க ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். குடல்வால் என்று டாக்டர் கையால் தொட்டே சொல்லிவிடலாம். காப்பீட்டுக்காரருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டும்.

ஆறாவது கை நம்முடையது. பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் எல்லாம் மறுபடி எடுக்கப்படும். ஒரு டாக்டர் ‘சாதாரண காய்ச்சல்தான், ரெண்டு நாள் பொறுங்க’ என்றால் ‘ஒரு டெஸ்ட்கூட எழுதல, இவரெல்லாம் என்ன டாக்டர்’ என்று அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அந்தப் பேச்சு டாக்டர் காதுக்கும் போகும்.

வரி வரியாக

இப்போது அந்தக் காய்ச்சல் சீட்டுக்கு வருவோம்.

சி.பி.சி. வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் தினமும்கூட வேண்டும். அதில் எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்க்கிறார்கள். அதே காகிதத்தில் பி.சி.வி. அல்லது ஹீமடோக்ரிட் என்றொரு எண் இருக்கும். பிளேட்லெட் இறங்கி அது ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போது, அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். ‘காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் எதுக்கு ரத்தம்’ என்று அன்றைக்கு மறுக்காதீர்கள்.

டெங்குவுக்கு மூன்றையும் ஒரே நாளில் எடுப்பதற்கு நியாயம் குறைவு. முதல் ஐந்து நாளுக்கு என்.எஸ்.1, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் முன்பு எப்போதோ வந்து போயிருக்கலாம். சில நிமிடத்தில் கோடு காட்டும் கார்டு டெஸ்டைவிட எலைசா முறை நம்பகமானது. அரசு கணக்கில் எடுப்பதும் அதைத்தான். எந்த முறை என்று லேபில் கேளுங்கள்.

வைடால்தான் இந்தச் சீட்டிலேயே பலவீனமான வரி. நம் ஊரில் டைபாய்டு கிருமியோடு எப்போதோ உரசிப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேறு காய்ச்சலிலும் வைடால் கொஞ்சம் ஏறிக் காட்டும். உண்மையான டைபாய்டில்கூட முதல் வாரத்தில் ஏறாமல் இருக்கலாம். ஒரே ஒரு வைடால் காகிதத்தை வைத்து ‘டைபாய்டு வந்துடுச்சு’ என்று இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். சந்தேகம் உண்மையாக இருந்தால் கேட்க வேண்டியது பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது): ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போடுவதற்கு முன், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம். செட் மாத்திரையில் ஆன்டிபயாடிக் சேர்ந்திருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், நோய் இருந்தும். பிறகு காரணம் தெரியாமல் இன்னும் ஆறு டெஸ்ட். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையை மறைக்காமல் காட்டுவது சீட்டைச் சுருக்கும் மலிவான வழி.

காட்டுப்பக்கம், தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால் இந்தச் சீட்டில் இல்லாத ஒன்று இருக்க வேண்டும்: ஸ்க்ரப் டைபஸ். சிறு பூச்சி கடியால் வரும் காய்ச்சல் இது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு பலருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு, மார்புக்கு அடியில் துணியை விலக்கிப் பார்த்தால் தெரியும். அதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. ஐந்தாறு நாள் தாண்டிய காய்ச்சலில் இதைத் தேடாமல் நீளமாக எழுதிய சீட்டு, எத்தனை வரி இருந்தாலும், குறையுள்ள சீட்டுதான்.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் எங்கோ அழற்சி என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரண்டில் ஒன்று போதும். யூரின் மலிவு, பயனுள்ளது. எல்.எஃப்.டி., ஆர்.எஃப்.டி., எலக்ட்ரோலைட்ஸ் வாந்தி, மஞ்சள், மூத்திரம் குறைவது, வயது அறுபதுக்கு மேல், ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் நியாயம். மலேரியா ஸ்மியர் வெளிமாநிலம் போய் வந்தவருக்குக் கட்டாயம். எக்ஸ்ரே இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தால். ஸ்கேன் கடும் வயிற்று வலி, வயிறு உப்பல் இருந்தால்.

வைட்டமின் டி, பி12, தைராய்டு மூன்றும் இன்றைக்குத் தேவையில்லை. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். கடும் காய்ச்சல் நேரத்தில் தைராய்டு எண்கள் தற்காலிகமாக மாறிக் காட்டும், கொழுப்பு அளவும் அப்படியே. அந்தக் காகிதத்தை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை ஆரம்பித்தவர்கள் உண்டு. குணமாகி சில வாரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம். ஹெச்.பி.ஏ.1சி. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. வழக்கமான சிகிச்சையில் மூன்று மாதத்துக்குள் அதை மறுபடி எடுப்பதில் லாபமில்லை.

இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ அளவு என்பது ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேர் நோயே இல்லாமல் வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவுகளை எடுத்தால், நோயே இல்லாத ஒருவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. அந்தத் தடித்த எழுத்துக்கு அடுத்த டெஸ்ட், அதற்கு ஒரு ஸ்கேன். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் ‘72 பரிசோதனை’ என்று பெரிதாகப் போடுவது ஏன் என்று இப்போது புரியும்.

டாக்டரிடம் கேட்பது

‘இதெல்லாம் தேவையா சார்?’ என்று கேட்டால் ‘தேவைதான்’ என்ற பதில்தான் வரும். வேறு என்ன சொல்வார்? கேள்வியை மாற்றுங்கள்.

‘சார், இதுல இன்னைக்கே எடுத்தாக வேண்டியது எது? ரெண்டு நாள் பார்த்துட்டு எடுக்கலாம்னா எது?’ இந்த ஒரு கேள்விக்குப் பதினாறு ஆறாகும் வாய்ப்பு நிறைய. டாக்டரைச் சந்தேகப்பட்டது போலவும் இருக்காது.

அடுத்தது: ‘இது பாசிட்டிவ்னு வந்தா மருந்து மாறுமா மேடம்?’ வந்தாலும் வராவிட்டாலும் அதே மாத்திரைதான் என்றால் அந்த வரியைத் தள்ளிப்போடலாம்.

மூன்றாவது, பணம். அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: ‘இன்னைக்கு கையில ரெண்டாயிரம்தான் இருக்கு சார், அதுக்குள்ள முக்கியமானது எழுதிக்கொடுங்க.’ பெரும்பாலான டாக்டர்கள் பேனாவை எடுத்து நாலு வரியில் டிக் போட்டுக்கொடுப்பார்கள். டிக் போட மறுத்து, காரணமும் சொல்லாமல், ‘எல்லாம் எடுத்துட்டு வந்தாத்தான் பார்ப்பேன்’ என்றால் வேறு ஒருவரிடம் காட்டலாம்.

கேட்கும் நேரமும் முக்கியம். பில் கவுன்டரில் போய் வாதாடினால் அங்கே இருப்பவருக்குக் குறைக்க அதிகாரம் கிடையாது. டாக்டர் அறையை விட்டு எழுவதற்கு முன் கேளுங்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். படுத்த படுக்கையில் இருப்பவரால் இதெல்லாம் கேட்க முடியாது.

வெளியில் எடுப்பதற்கும் உரிமை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில், மருந்தையும் பரிசோதனையையும் விருப்பப்பட்ட இடத்தில் பெறும் உரிமை தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘வெளி ரிப்போர்ட் ஒத்துக்க மாட்டோம்’ என்பவர்களிடம் ‘எந்த லேப்னா ஒத்துக்குவீங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் மறுப்பது கஷ்டம். ஆனால் அவர்கள் தயக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அது அடுத்த விஷயம்.

சாம்பிள் கெட்டுப்போகும் கதை

பாப்பிரெட்டிப்பட்டியிலோ கெலமங்கலத்திலோ கலெக்‌ஷன் சென்டரில் காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம், பைக்கிலும் பஸ்ஸிலும் ஏறி சேலமோ பெங்களூரோ போய்ச் சேர மதியமாகலாம். குழாய்க்குள் ரத்தம் சும்மா இருக்காது. சிவப்பணுக்கள் உயிரோடு சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலையில் 130 இருந்தது மதியம் 100-க்குப் பக்கத்தில் வந்துவிடும், சர்க்கரை நோயாளி ‘நார்மல்’ ஆகிவிடுவார். பொட்டாசியம் எதிர்த்திசையில் போகும்: அணு உடைந்து வெளியே கசிந்து எண் ஏறும். அதைப் பார்த்த டாக்டர் பதறி, ‘உடனே ரிப்பீட், ஈ.சி.ஜி. எடு’ என்பார். தேவையில்லாத டெஸ்ட் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இப்படிப் பிறந்ததுதான்.

கவனிக்க வேண்டியது மூடியின் நிறம். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். (நம் மாவட்டத் தண்ணீரில் இருந்துகொண்டு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அதே ஃபுளோரைடு, இங்கே சர்க்கரையைக் காவல் காக்கிறது.) சி.பி.சி.க்கு ஊதா மூடி. ரத்தம் உறையும் நேரத்துக்கு நீல மூடி; அதைக் கோடு வரை நிரப்ப வேண்டும், மருந்து ஒன்றுக்கு ரத்தம் ஒன்பது பங்கு. பாதி நிரப்பினால் உறையத் தாமதமாவது போலப் பொய் காட்டும், ஆபரேஷன் தள்ளிப்போகும். கையில் ரப்பர் கட்டி நிமிடக்கணக்கில் விட்டு, முஷ்டியை மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலும் பொட்டாசியம் ஏறும்.

டெங்கு காலத்தில் இதைத் தனியாக நினைவு வையுங்கள். சிலருடைய பிளேட்லெட் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்துபட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷினுக்குக் கட்டி தெரியாது. 40,000 என்று அச்சடிக்கும். ஆளுக்குக் காய்ச்சல்கூடப் பெரிதாக இருக்காது, ரத்தக் கசிவும் இருக்காது. அப்போது ‘ஸ்மியர் போட்டுப் பார்த்தீங்களா? இல்லன்னா நீல மூடியில ஒரு தடவை எடுங்க’ என்று கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கட்டி தெரிந்துவிடும். அவசரமாகப் பெங்களூருக்கு ஆம்புலன்ஸ் பிடிப்பதற்கு முன் செய்யக்கூடிய வேலை இது.

ஸ்கேனில் கூடுதல் கவனம்

மாங்காய்க் கூடை தூக்குபவர், கிரானைட் குவாரியில் வேலை செய்பவர், ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம் நிற்பவர், இவர்களுக்கு வரும் இடுப்பு வலிக்கு முதல் நாளே எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது அபூர்வம். பெரும்பாலானவை ஆறு வாரத்துக்குள் தணியும். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்தாலும் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புத் தட்டுப் பிதுக்கம்) என்று வரும். நரை முடி மாதிரி அது. காகிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன் குனியாமல் நிமிராமல் படுத்துவிடுவதால் வலி நீள்கிறது.

ஆனால் காலில் பலம் குறைதல், மூத்திரம் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போதல், அந்தரங்கப் பகுதி மரத்தல், காய்ச்சல், எடை குறைதல், பழைய புற்றுநோய், கீழே விழுந்த அடி, இவற்றில் எது இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே எடுக்க வேண்டும்.

ஊர் போர்வெல் தண்ணீரையே பல வருடம் குடித்தவருக்கு முதுகு விறைப்பு, மூட்டு வலி என்றால் இன்னொரு கேள்வி: தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு? லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டக் கூடாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். முன்கையின் ஒரு எக்ஸ்ரே சொல்லக்கூடியதை விலை கூடிய எலும்பு டெஸ்டுகள் தவறவிடலாம்.

கதிர் அளவு: மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 மில்லிசீவெர்ட், தலை சி.டி. 2, வயிறு சி.டி. 8 முதல் 10. ஒரு வயிறு சி.டி. என்பது ஏறத்தாழ நூறு மார்பு எக்ஸ்ரேவுக்குச் சமம். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிர் கிடையாது. சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.க்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்த அளவு) கேட்டால் அது நியாயமான வரி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் அதையும் சொல்லுங்கள்.

பேரம் பேசக் கூடாத இடங்கள்

மேலே சொன்ன கேள்விகள் எதையும் இந்த நேரங்களில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நெஞ்சு வலி: பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி.; ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறுவது) முதல் தடவை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அது ஏறவே நேரம் பிடிக்கும் என்பதால்தான். வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுதல்: உடனே தலை சி.டி. தொப்பூர் கணவாயிலோ நெடுஞ்சாலையில் வேறெங்கோ அடிபட்டுத் தலையில் காயம்: சி.டி. பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும்.

பாம்புக் கடி. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முக்கியமான டெஸ்டுக்கு மெஷினே வேண்டாம்: சுத்தமான, காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், ஆட்டாமல் இருபது நிமிடம், பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது. பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ தப்புக் காட்டும். விஷமுறிவு மருந்து போட்ட பிறகு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி செய்வார்கள். ‘இப்பத்தானே எடுத்தீங்க’ என்று தடுக்காதீர்கள். அடுத்த டோஸ் அந்தக் குழாயைப் பார்த்துத்தான்.

கர்ப்பிணிக்கு எழுதும் டெஸ்டுகள் நீளமாகத் தெரியும், பெரும்பாலும் நியாயம். ஹீமோகுளோபின், சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஸ்கேனில் 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் ஒன்று தவறவிடக் கூடாதவை. அங்கே ‘ஃபார்ம் எஃப்’ நிரப்பக் கேட்பது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி. என்ன குழந்தை என்று கேட்பதும் சொல்வதும் குற்றம்.

ஆபரேஷன், காப்பீடு

சின்ன ஆபரேஷனுக்கு முன்னும் ஒரு பட்டியல் வரும். ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியாட்டினின், ரத்த வகை, ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகியவற்றைப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். விரலில் குத்திப் பார்க்கும் பி.டி.–சி.டி. (ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம்) பழைய பழக்கம், ஆபரேஷனில் ரத்தம் போகுமா என்று அது சொல்வது மிகக் குறைவு. ‘பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போச்சா? ஆஸ்பிரின் சாப்பிடுறீங்களா?’ என்ற இரண்டு கேள்வி அதைவிட அதிகம் சொல்லும். கண்புரைக்கு நீளப் பட்டியல் தேவையில்லை என்று 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்விலேயே 19,000-க்கு மேற்பட்ட ஆபரேஷனை வைத்துப் பார்த்துவிட்டார்கள்: டெஸ்ட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல் ஒரே அளவு. பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒரு வலையில் விழ வேண்டாம். ‘ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க, எல்லா டெஸ்டும் இன்சூரன்ஸ்ல போயிடும்’ என்பார்கள். வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்பது ஏறத்தாழ எல்லா பாலிசியிலும் இருக்கும் பொதுவான விலக்கு. க்ளெய்ம் மறுக்கப்பட்டால் ரூம் வாடகையும் சேர்ந்து உங்கள் தலையில் விழும். மாறாக, உண்மையாகச் சிகிச்சைக்கு அட்மிட் ஆனால், அதற்கு முந்தைய சில வாரங்களில் அதே நோய்க்காக வெளியில் எடுத்த டெஸ்ட் பில்லும் திரும்பக் கிடைக்கும். பல பாலிசிகளில் 30 நாள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் எடுக்கலாம். ஆபரேஷன் மட்டுமில்லை, விலை கூடிய சில பரிசோதனைகளும் அதில் வரும். ‘இந்த ஸ்கேன் அட்டையில வருமா?’ என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள், கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காசநோய்க்கான சளி மரபணு டெஸ்ட், விஷக்கடி, டெங்கு எலைசா ஆகியவற்றுக்குத் தனியாரைத் தேட வேண்டியதில்லை. சர்க்கரை, பி.பி. மாத்திரை மட்டும் தொடர்ந்து வேண்டியவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5-ல் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறது. குறை என்னவென்றால் வரிசை. காலை எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், வெறும் வயிற்று டெஸ்டும் அதே நாளில் முடிந்துவிடும்.

காகிதம்

ஒரே டெஸ்ட் திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம் பழைய காகிதம் இல்லாததுதான். தருமபுரியில் பார்த்து, சேலத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வேலூரோ பெங்களூரோ போகும்போது ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டோடு விடாமல் குறுந்தட்டு அல்லது பென் டிரைவில் முழுப் படத்தையும் கேளுங்கள். பெரிய டாக்டர் படத்தைப் பார்க்கத்தான் விரும்புவார்; காகிதம் மட்டும் இருந்தால் ‘மறுபடி எடுங்க’ என்பார். அட்மிஷன் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 விதிகளே சொல்கின்றன. தராவிட்டாலும், பில்லில் எடுக்காத டெஸ்ட் இருந்தாலும், முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், 104-க்கும் சொல்லலாம். அடுத்த படி மாவட்ட இணை இயக்குநர் அலுவலகம், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்.

ஃபைலில் தேதி வரிசையாக வையுங்கள், புதியது மேலே. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள்: இருக்கிற நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, ரத்த வகை, கடைசியாக எடுத்த சர்க்கரை, கிரியாட்டினின், தேதியோடு. டியூட்டி டாக்டர் ராத்திரி இரண்டு மணிக்கு அதை மட்டும்தான் படிப்பார்.

ஈ.சி.ஜி.யை மட்டும் அன்றே ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். அது சூட்டில் எழுதும் காகிதம், சில மாதத்தில் வெளுத்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்கும் எடுத்துப் போகாதீர்கள். மெஷினுக்குள் போனால் அந்தச் சூட்டில் முழுக் காகிதமும் கறுப்பாகி வெளியே வரும்.